நேட்டால் தாத்தாவுக்கு ஓர் அகல்

கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டு வாசலில் ஓர் அகல் மட்டும் மற்ற விளக்குகளின் வரிசையிலிருந்து விலகி, தெருவைப் பார்த்தபடி எரியும். திருமணமான முதல் ஆண்டில், அது தவறி இடம் மாறிவிட்டது என்று எண்ணி நான் அதை வரிசையில் சேர்த்து வைத்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மீண்டும் விலக்கி வைத்தாள். "அது நேட்டால் தாத்தாவுக்கு" என்றாள்.

ஆரணியை அடுத்த ஒரு சிற்றூர் அவளுடைய பூர்விகம். 1876-ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் அவ்வூரில் கிணறுகள் வற்றின, மாடுகள் மடிந்தன. அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன், இருபது வயது இளைஞர், பிழைப்புத் தேடிச் சென்னைக்கு நடந்தே போனார். அங்கிருந்து நேட்டாலுக்குக் கப்பல் ஏறுவதாக ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். அதன்பின் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. பிள்ளை இரவில் வந்து சேர்ந்தால் வாசல் தெரிய வேண்டுமே என்று அவருடைய தாயார் கார்த்திகையில் ஒரு விளக்கைத் தனியே வைத்தார். தாயாருக்குப் பிறகு மருமகள்; அவருக்குப் பிறகு பேத்திகள். நான்கு தலைமுறைகளில் விளக்கு மிஞ்சியது. அவர் பெயர் மறைந்துபோயிற்று. 'நேட்டால் தாத்தா' என்பதே பெயராகிவிட்டது.

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் நான். பெயரும் முகவரியும் கையொப்பமும் இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. "பெயரில்லாத கணக்குக்கு வருடா வருடம் எண்ணெய் ஊற்றுகிறாய்" என்று மனைவியைக் கேலி செய்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை. அவள் சிரித்துக்கொள்வாள்.

சென்ற ஆண்டு அவளுடைய தம்பி காலமானார். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் பூர்விக வீடு விலைபோயிற்று. சாவியை ஒப்படைக்கும் நாளில் அவள் அங்கிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள்: விளிம்பு கறுத்த ஒரு மண் அகல். வழி திரும்பும் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இனி அவர் திரும்பி வந்தால் வாசலே இல்லை. நாமாவது ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களைத் தென்னாப்பிரிக்கா வரை அழைத்துச் சென்றது.

புகையாய் எழும் நீர்

சென்னையிலிருந்து புறப்பட்ட குழுவில் நாங்கள் இருபத்துநான்கு பேர். பெரும்பாலும் அறுபதைக் கடந்த தம்பதிகள். கூடவே ஒரு சமையற்காரரும் வந்ததால், ரசத்துக்கும் தயிர்ச்சாதத்துக்கும் குறைவில்லை. மே மாதத்தில் மூன்று புறப்பாட்டுத் தேதிகள் இருந்தன. நான் கட்டணத்தைப் பார்த்து முதல் தேதியைச் சொன்னேன்; மனைவி மூன்றாவதுதான் வேண்டும் என்றாள். காரணம் கேட்டதற்கு, "எனக்கு அதுதான் வசதி" என்றாள். அவள் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

துபாய் வழியாக ஜோகன்னஸ்பர்க் சேர்ந்தோம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. மே மாதம் அங்கே இலையுதிர்காலம். காலையில் சால்வை இல்லாமல் வெளியே நிற்க முடியவில்லை. முதலில் கண்டது பிலானஸ்பர்க் வனவிலங்குக் காப்பகம். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் கனன்று அடங்கிய ஓர் எரிமலையின் வட்டத்துக்குள் அமைந்த காடு அது. யானைக் கூட்டமொன்று எங்கள் வண்டியைக் கடந்து நீர்நிலைக்குள் இறங்கியது. முதலைகளும் வாழும் நீர் என்று ஓட்டுநர் சொன்னதும், வண்டியிலிருந்த எல்லோர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் 'கஜேந்திரன்' என்ற பெயர் வந்தது.

அங்கிருந்து விமானத்தில் ஜிம்பாப்வே நாட்டின் விக்டோரியா அருவிக்குச் சென்றோம். 1855-இல் இதைக் கண்ட லிவிங்ஸ்டன் தம் நாட்டு அரசியின் பெயரைச் சூட்டினார். அப்பகுதி மக்கள் அதற்கு முன்பே வைத்திருந்த பெயர் 'மோசி ஓ துன்யா'. முழங்கும் புகை என்று பொருள். ஜாம்பசி ஆறு ஏறக்குறைய 1,700 மீட்டர் அகலத்தில், 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒரே திரையாக வீழ்கிறது. மழைக்காலம் முடிந்து ஆறு நிறைந்தோடும் மாதம் என்பதால், எதிரே நின்ற எங்களுக்கு அருவி பாதி நேரம் தெரியவேயில்லை. கீழிருந்து எழுந்த நீர்த்துளிகள் வானுக்குச் சென்று மழையாக எங்கள் தலையில் பெய்தன. வாடகைக்கு எடுத்த மழைக்கோட்டுகள் பயன்படவில்லை. நனைந்த கைகளைக் குவித்து, அங்கே நின்றவர்கள் அவரவர் அறிந்த நாமத்தைச் சொன்னார்கள். அபிஷேகத்தைக் கண்டிருக்கிறோம், அபிஷேகத்துக்குள் நின்றது அன்றுதான்.

மலையா, அமாவாசையா?

அடுத்தது கேப்டவுன். பாறைகளுக்கிடையே தத்தித் தத்தி நடக்கும் பென்குயின்களைப் பார்த்தோம். மறுநாள் காலை படகில் ராபன் தீவுக்குச் சென்றோம். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். அவருடைய அறை நம் வீட்டுப் பூஜையறையைவிடச் சற்றே பெரியது. அங்கே சிறைப்பட்டிருந்த ஒருவரே எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார், குரலில் கசப்பில்லை. கைதிகள் வெயிலில் சுண்ணாம்புக்கல் உடைத்த இடத்தில் ஒரு கற்குவியல் இருக்கிறது. 1995-இல் முன்னாள் கைதிகள் அங்கே மீண்டும் கூடியபோது, ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து வைத்து எழுந்த குவியல் அது. பெயர் பொறிக்கப்படாத கற்கள். என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெயர் எழுதாவிட்டாலும் கணக்கில் சேரும் போலிருக்கிறதே" என்றாள். என் கேலிக்கு, பல ஆண்டுகள் கழித்து வந்த மறுமொழி அது.

அன்று பிற்பகல் டேபிள் மவுண்டன் ஏறுவதாக இருந்தது. உச்சி மேசைபோல் தட்டையான, கடல்மட்டத்துக்கு மேல் 1,086 மீட்டர் உயரமுள்ள மலை அது. சுழலும் தரை கொண்ட கம்பிவடப் பெட்டியில் மேலே செல்ல வேண்டும். நாங்கள் போன நேரம் பலத்த காற்று, வண்டி நிறுத்தப்பட்டிருந்தது. குழுவில் பலருக்கு முகம் வாடிவிட்டது. சுற்றுலா மேலாளர் பேருந்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னார்: கூடுதல் கட்டணம் கொடுத்து விமானச் சீட்டை மாற்றினால் மறுநாள் முழுவதும் கேப்டவுனில் தங்கி மலையேறலாம், அதற்கு அடுத்த நாள் நண்பகலில் டர்பன் சேரலாம், டர்பனில் ஒருநாள் குறையும், வேறு நட்டமில்லை. கைதூக்கச் சொன்னார். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன.

என் மனைவி எழுந்து நின்றாள். நாற்பது ஆண்டுகளில் நான்கு பேர் முன்னிலையில் அவள் பேசி நான் கண்டதில்லை. இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேட்டால் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். பஞ்சம், கப்பல், தாயார் வைத்த விளக்கு, விற்றுப்போன வீடு. பிறகு, "நாளை மறுநாள் அமாவாசை. அன்று காலை அந்தக் கரையில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்துக்கே வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட விட்டதில்லை, திரும்பி வருவார் என்று நினைத்ததால்" என்றாள். உட்கார்ந்தவள் கைகள் நடுங்கின.

பேருந்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒருவர், "தனிப்பட்ட விஷயத்துக்காக எல்லோரையும் எப்படி..." என்று தொடங்கினார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. அவர்களும் பணம் கட்டித்தானே வந்திருக்கிறார்கள்? முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் திரும்பி, "மலை எங்கேயும் போகாது சார். அந்த அம்மா சொல்வது போலவே போவோம்" என்றார். மீண்டும் கைதூக்கச் சொன்னார்கள். இம்முறை எண்ணிக்கை மாறியது. ஆனால் எல்லாக் கைகளும் உயரவில்லை; ஒரு தம்பதி எங்களுடன் பேசுவதையே நிறுத்திக்கொண்டனர்.

அன்றிரவு நான் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டேன்: "என்னிடம் முன்பே ஏன் சொல்லவில்லை?" அவள், "சொன்னால் பெயர் என்னவென்று கேட்பீர்கள்" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

கரும்புக் காட்டுக்குக் கூலியாக

டர்பன் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணுக்குத் தெரிந்தவை கரும்புத் தோட்டங்கள். இந்தக் கரும்புக்காகத்தான் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளுடன் இத்துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஐந்தாண்டு ஒப்பந்தம்; முதலாண்டில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள் மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895-இல் சட்டம் வந்தது. அந்த வரியை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, பதினாறு வயதில் உயிர்விட்டவர்தான் நாம் அறிந்த தில்லையாடி வள்ளியம்மை. தில்லையாடி அவருடைய பெற்றோரின் வழி வந்த ஊர். அவர் பிறந்ததும் மறைந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில்.

உள்ளூர் வழிகாட்டியாக வந்த அம்மையாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஐந்தாம் தலைமுறைத் தமிழர். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ஆங்கிலப் பேச்சின் நடுநடுவே 'சாமி', 'சாம்பிராணி', 'தாத்தா' என்ற சொற்கள் வரும். முதலியார் என்பது அங்கே 'மூட்லி' ஆகியிருக்கிறது, நாயுடு 'நைடூ', கோவிந்தன் என்ற பெயர் 'கவெண்டர்' ஆகியிருக்கிறது. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அவர்கள் 'பாரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். பெயர்தான் ஆங்கிலம், கூழ் நம் கூழ்தான். மொழி கைநழுவிய பிறகும் வழிபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு என்றார் அவர். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளங்கள் என அனைத்தும் பதிவேட்டில் எழுதப்பட்டு, அந்தப் பேரேடுகள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் தம் முன்னோரின் எண்ணை அப்படித்தான் கண்டுபிடித்தாராம். "உங்கள் தாத்தாவின் பெயர் என்ன?" என்று ஆவலோடு கேட்டார். என் மனைவி தலைகுனிந்தாள். வடஆற்காட்டிலிருந்து மட்டுமே ஆயிரக்கணக்கானோர் வந்திருக்கிறார்கள். பேரேடு இருந்தது, அவர் பெயரும் அதில் எங்கோ இருக்கக்கூடும், தேடுவதற்கான திறவுகோல் எங்களிடம் இல்லை.

அப்போது எனக்கு என் வங்கி நாள்கள் நினைவுக்கு வந்தன. பத்தாண்டுகள் யாரும் கேட்டு வராத வைப்புத்தொகையை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடுகிறோம். ஆனாலும் அது வங்கியின் பணமாகிவிடுவதில்லை. உரியவர் என்றைக்கு வந்தாலும் கொடுத்தாக வேண்டும். கேட்க ஆள் இல்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. இதை எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்னவன் நான். என் வீட்டு வாசலில் எரிந்த விளக்கில் அதைக் காணத் தவறிவிட்டேன்.

ஆறும் கடலும் கூடுமிடம்

மறுநாள் விடியலில் அவர் தம் காரையும் ஒரு வேனையும் ஏற்பாடு செய்திருந்தார். வெளிநாட்டினர் இருட்டில் தனியே வெளியே போகக் கூடாது என்பது மேலாளரின் கண்டிப்பு. அவரும் துணைக்கு வந்தார். குழுவில் பதினொரு பேர் உடன் வந்தனர். எள்ளை இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் துணியவில்லை. விதைகளுக்கு விமான நிலையத்தில் கெடுபிடி இருக்கும் என்று அஞ்சினோம். வழிகாட்டி அம்மையார் தம் வீட்டிலிருந்து எள்ளும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தார்.

உம்கேனி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நின்றோம். சூரியன் கடலிலிருந்து எழுந்தான். எங்கள் ஊர்ப் புரோகிதரிடம் மனைவி முன்பே கேட்டு வைத்திருந்தாள். பெயரும் கோத்திரமும் தெரியாதவர்களையும் விட்டுவிடவில்லை நம் சாஸ்திரம். காருண்ய பித்ருக்கள் என்று அவர்களுக்கும் ஓரிடம் வைத்திருக்கிறது. தாயும் தந்தையும் உற்றாரும் இல்லாதவர்களுக்காகவே தர்ப்பணத்தின் முடிவில் நீர் விடுகிறோம் என்று அவர் சொல்லியிருந்தார். மாதாமாதம் வாயால் சொல்லியும் பொருள் உணராமல் கடந்த இடம் அது.

தெற்கு நோக்கி நின்றேன். இத்தனை ஆண்டுகள் ஊரில் தெற்கு நோக்கி எள்ளும் நீரும் இறைத்தபோதெல்லாம், தென்கடலுக்கு அப்பால் இவர் காத்திருந்தார் என்று தோன்றியது. என் தந்தைக்கும் பாட்டனாருக்கும் விட்டபின், பெயரறியாத அந்த இருபது வயதுப் பிள்ளைக்கு விட்டேன். பிறகு, அவருடன் கப்பலேறி இக்கரையில் மாண்டு, நீர் வார்க்க ஆளில்லாது போன அனைவருக்கும் விட்டேன். என் குரல் தழுதழுத்தது. உடன் வந்தவர்களில் தந்தையை இழந்தோர் தாமாகவே அருகில் வந்து கைநீட்டி நீரில் நின்றார்கள்.

மனைவி அகலை ஏற்றினாள். கடற்காற்று அணைத்துவிட்டது. மீண்டும் ஏற்றினாள், மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை வழிகாட்டி அம்மையார் தம் கைகளால் மறைத்துப் பிடித்தும் நிற்கவில்லை. "கோயிலில் ஏற்றலாம் வாங்க" என்றார். அவர் முழுத் தமிழ் வாக்கியம் பேசி நாங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

உம்கேனி சாலையிலுள்ள வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம் 1880-களில், கூலிகளாக வந்தவர்கள் தம் சிறுசேமிப்பாலும் கையுழைப்பாலும் எழுப்பியது. வளாகத்தில் அம்மனுக்கும் பெருமாளுக்கும் தனித்தனிச் சந்நிதிகள். கோபுரமும் கொடிமரமும் கண்டதும் வெளிநாட்டில் இருப்பது மறந்துபோயிற்று. மாரியம்மன் சந்நிதியில் அகல் நின்று எரிந்தது. அங்கிருந்த மூதாட்டிகள் சிலர், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாடலைப் பார்த்துப் பாடினார்கள். உச்சரிப்பு வேறாக இருந்தது. பக்தி வேறாக இல்லை. என் மனைவி அவர்களோடு சேர்ந்து பாட, ஒரு மூதாட்டி பாட்டை நிறுத்திவிட்டு இவள் வாயையே பார்த்தார். பின்னர் இவள் கன்னத்தைத் தடவி, தம் பாட்டியின் குரல் இப்படித்தான் இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் எங்களுக்கு உறவா? ஆரணிப் பக்கத்தவரா? கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. அவர் நேட்டால் தாத்தாவின் வழிவந்தவர் என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குச் சான்று இல்லை.

அகலை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மனைவி அதை அந்த மூதாட்டியின் கையில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் முன் ஏற்றுவதாக அவர் சொன்னார். விடுதிக்குத் திரும்பி உணவறைக்குள் நுழைந்தபோது, எங்களுடன் பேசாதிருந்தவர் எழுந்து வந்து, "எல்லாம் நல்லபடியாக முடிந்ததா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். "சந்தோஷம்" என்று சொல்லி, மனைவிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிற்பகலில் காந்தியடிகள் 1904-இல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பையும் கண்டோம். தமிழ்ப் பகுதியும் கொண்டு வெளிவந்த அவருடைய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் அச்சான இடம். 1985 கலவரத்தில் எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பினோம்.

தென்னாப்பிரிக்கா செல்லும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பயணத் திட்டங்களில் விலங்குகளுக்கும் அருவிக்கும் நாள் ஒதுக்குவார்கள். டர்பனைச் சில திட்டங்களில் விட்டே விடுவார்கள். கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சால்வையும் முழங்கால் தைலமும் மறக்க வேண்டாம். ஆலயத்தில் ஐந்து நிமிடம் நின்று தமிழில் ஒரு பாடலை உரக்கப் பாடுங்கள். கேட்பதற்கு அங்கே காதுகள் காத்திருக்கின்றன.

கடன் தீர்ந்தது, கணக்கு முடிந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். இவ்வாண்டு கார்த்திகைக்கு முதல் நாள் மனைவி கடையில் அகல்களை எண்ணி வாங்கும்போது, வழக்கம்போல் ஒன்று கூடுதலாக எடுத்தாள். "இனி அவர் திரும்ப வேண்டியதில்லையே?" என்றேன். "அவர் வராவிட்டால் என்ன? அங்கிருந்து யாராவது வரலாம் இல்லையா?" என்றாள்.

அன்று மாலை அந்த அகலை நானே வாங்கி எண்ணெய் ஊற்றித் திரி இட்டேன். வரிசையிலிருந்து விலக்கி, தெருவைப் பார்க்க வைத்து ஏற்றினேன்.